ஆயர் லாஸ் காசாஸ்: வல்லரசின் மனச்சான்றை உலுக்கிய குரல்

1550-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஸ்பெயின் நாட்டு அரசர் ஐந்தாம் சார்லஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் நடந்துவந்த புதிய படையெடுப்புகள் அனைத்தும் நிறுத்தப்பட வேண்டும். அவை இறைவன் முன் நீதியானவையா என்று அறிஞர்கள் கூடி ஆராய வேண்டும் என்பதே அந்த ஆணை. அன்றைய ஐரோப்பாவில் அவரைவிட வலிமைமிக்க அரசர் இல்லை. மெக்சிகோவும் பெருவும் ஏற்கெனவே அவர் காலடியில் கிடந்தன. வெற்றிமேல் வெற்றி பெற்றுவந்த ஒரு வல்லரசு, தான் செய்வது சரிதானா என்று நின்று கேட்டது வரலாற்றில் மிக அரிது.

அந்தக் கேள்வியை அரசரின் செவிகளில் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஓயாமல் எழுப்பி வந்தவர்களுள் முதன்மையானவர் ஓர் ஆயர். அவர் பெயர் பார்த்தலோமே தே லாஸ் காசாஸ். ஒரு பலமுள்ள நாடு அடுத்த நாட்டின் காரியத்தில் எப்போது தலையிடலாம், எப்போது தலையிடக் கூடாது என்று இன்றும் உலகம் விவாதிக்கிறது. செய்திகளில் அந்த விவாதத்தைக் கேட்கும்போதெல்லாம் இவருடைய வாழ்க்கையை நினைவுகூர்வது நமக்குப் பயனளிக்கும்.

கப்பல்களைப் பார்த்து வளர்ந்த சிறுவன்

லாஸ் காசாஸ் 1484-இல் ஸ்பெயினின் செவில் நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். 1493-இல் கொலம்பஸ் தம் முதல் பயணத்தை முடித்துத் திரும்பியபோது, குருத்து ஞாயிறன்று செவில் நகரில் அவரையும், அவர் அழைத்து வந்திருந்த பூர்வீகக் குடிமக்களையும், வண்ணக் கிளிகளையும் இந்தச் சிறுவன் வேடிக்கை பார்த்தான். அதே ஆண்டில் கொலம்பசின் இரண்டாம் பயணத்தில் அவன் தந்தையும் கப்பலேறினார். சில ஆண்டுகளில் தந்தை திரும்பி வந்தபோது, மகனுக்குப் பணிவிடை செய்ய அத்தீவைச் சேர்ந்த ஓர் இளைஞனையும் கொண்டு வந்தார். அரசி இசபெல்லா இதைப் போன்ற செயல்களைக் கேள்விப்பட்டுச் சினந்து, அம்மக்களை அவர்தம் ஊருக்கே திருப்பி அனுப்பும்படி 1500-இல் கட்டளையிட்டார்.

1502-இல் லாஸ் காசாசும் கடல் கடந்து இஸ்பானியோலா தீவுக்குச் சென்றார். இன்று எயிட்டியும் தொமினிக்கன் குடியரசும் அமைந்துள்ள தீவு அது. அங்கே என்கொமியெந்தா என்றொரு முறை இருந்தது. குடியேறிய ஒவ்வொரு ஸ்பானியரிடமும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பூர்வீகக் குடிகள் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களைப் பாதுகாத்து மறைக்கல்வி கற்பிப்பது ஸ்பானியரின் கடமை. அதற்கு ஈடாக உழைப்பது அம்மக்களின் கடமை. காகிதத்தில் இது பாதுகாப்பு; நடைமுறையில் அடிமைத்தனம். ஆற்றுமணலில் தங்கம் அரித்தே அம்மக்கள் மாண்டார்கள். புதிய நோய்களும் அவர்களை வாரிக்கொண்டு போயின.

லாஸ் காசாசுக்கும் அப்படி ஆட்கள் இருந்தார்கள், நிலம் இருந்தது. இடையில் அவர் குருத்துவமும் பெற்றார். 1510-இல் அத்தீவில் அவர் முதல் பாடற்திருப்பலி நிறைவேற்றினார். புதிய குரு ஒருவர் அந்தக் கண்டத்தில் முதன்முதலாக நிறைவேற்றிய பாடற்திருப்பலி இதுவே என்பர். திருப்பலியும் நிறைவேற்றினார், அடிமைகளையும் வைத்திருந்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு மறையுரை, ஒரு மறுப்பு

1511-ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. சாந்தோ தொமிங்கோ நகர் ஆலயத்தில் ஆளுநரும் பிரமுகர்களும் அமர்ந்திருந்தார்கள். சாமிநாதர் சபைத் துறவி அந்தோனியோ தே மொந்தெசினோஸ் மறையுரை ஆற்ற எழுந்தார். பாலைநிலத்தில் ஒலிக்கும் குரலைப் பற்றிய நற்செய்திப் பகுதியை எடுத்துக்கொண்டு, தாமே அந்தக் குரல் என்றார். எந்த உரிமையோடு இம்மக்கள்மீது போர் தொடுத்தீர்கள், எந்த நீதியோடு அவர்களை அடிமைகளாக வைத்திருக்கிறீர்கள், அவர்கள் மனிதர்கள் அல்லவா என்று கூடியிருந்தவர்களை நேருக்கு நேராகக் கேட்டார். கோபத்தோடு துறவியர் இல்லத்துக்குச் சென்ற பிரமுகர்கள், அடுத்த ஞாயிறு அவர் தம் சொற்களைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு அவர் இன்னும் கடுமையாகப் பேசினார்.

அந்தக் காலத்தில் சாமிநாதர் சபைத் துறவி ஒருவரிடம் ஒப்புரவு பெறச் சென்றார் லாஸ் காசாஸ். அடிமைகளை வைத்திருக்கும் உமக்குப் பாவமன்னிப்பு வழங்க இயலாது என்று அந்தத் துறவி மறுத்துவிட்டார். குருவான அவர் வாதாடிப் பார்த்தார், பயனில்லை. அந்த மறுப்பு ஒரு முள்ளாக அவர் உள்ளத்தில் தங்கியது. ஆனாலும் உடனே மாற்றம் வரவில்லை.

பின்னர் கியூபா தீவைக் கைப்பற்றச் சென்ற படையோடு அவர் குருவாகச் சென்றார். அங்கே படையெடுப்பை எதிர்த்த அத்துவே என்ற தலைவன் 1512-இல் பிடிபட்டு, கம்பத்தில் கட்டி எரிக்கப்பட்டான். சாகுமுன் ஒரு துறவி விண்ணகத்தைப் பற்றி அவனுக்கு எடுத்துரைத்தார். ஸ்பானியர்களும் அங்கே செல்வார்களா என்று கேட்டான் அவன். நல்லவர்கள் செல்வார்கள் என்று பதில் வந்தது. அப்படியானால் அந்த இடம் எனக்கு வேண்டாம் என்று சொல்லி இறந்தான். இதைப் பதிவு செய்தவர் லாஸ் காசாசே. நற்செய்தியைக் கொண்டுவருவதாகச் சொன்னவர்கள், நற்செய்திக்கே தடையாக நின்றதை இதைவிட எப்படிச் சொல்வது?

கவோனாவோ என்ற கியூபா ஊரில், மீனும் அப்பமும் கொண்டுவந்து உபசரித்த மக்கள் நடுவே ஒரு வீரன் திடீரென வாளை உருவினான். மற்றவர்களும் உருவினார்கள். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிப் பலர் வெட்டுண்டு விழுந்தார்கள். லாஸ் காசாஸ் அங்கே இருந்தார், தடுக்க ஓடினார், முடியவில்லை.

சீராக்கின் ஞானம் செய்த வேலை

இத்தனையும் பார்த்த பிறகும் கியூபாவில் அவருக்கு நிலமும் ஆட்களும் வழங்கப்பட்டபோது அவர் ஏற்றுக்கொண்டார். 1514-இல் தூய ஆவியார் பெருவிழா மறையுரைக்காக விவிலியத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். சீராக்கின் ஞானம் நூலின் 34-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. அநியாயமாய்ச் சம்பாதித்ததைக் காணிக்கையாக்குவது கறைபட்ட பலி என்றும், ஏழையின் உணவைப் பறிப்பது அவன் உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்றும் அப்பகுதி கற்பிக்கிறது. மூன்றாண்டுகளுக்கு முன் கேட்ட மறையுரையும், மறுக்கப்பட்ட பாவமன்னிப்பும், கவோனாவோவின் குருதியும் ஒன்றாகச் சேர்ந்து அவர் முன் நின்றன. பல நாள்கள் சிந்தித்தார். தம்மிடம் இருந்த ஆட்களை ஆளுநரிடம் திருப்பி ஒப்படைத்தார். ஆகஸ்ட் 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, அடிமைகளை வைத்துக்கொண்டு மீட்படைய முடியாது என்று மறையுரையாற்றினார். அப்போது அவருக்கு வயது 30-ஐ எட்டவில்லை.

1515-இல் மொந்தெசினோசுடன் ஸ்பெயினுக்குக் கப்பலேறி, அரசர் பெர்டினாண்டைச் சந்தித்து நிலைமையை எடுத்துரைத்தார். சில வாரங்களில் அரசர் இறந்துபோனார். ஆட்சிப் பொறுப்பில் இருந்த கர்தினால் சிஸ்னேரோஸ், 1516-இல் அவரைப் பூர்வீகக் குடிகளின் பாதுகாவலராக நியமித்தார். அதன்பின் அரைநூற்றாண்டு அவர் ஓயவில்லை.

பாதுகாவலரின் பெரும் பிழை

புனிதர்களைப் பற்றி எழுதும்போது அவர்களின் குறைகளை மறைத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. லாஸ் காசாசின் காரியத்தில் அப்படிச் செய்வது நீதியாகாது. பூர்வீகக் குடிகளின் சுமையைக் குறைப்பதற்காக, அவர்களுக்குப் பதில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று அவர் தம் ஆரம்பகால விண்ணப்பங்களில் பரிந்துரைத்தார். ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவருவது அவருக்கு முன்பே தொடங்கியிருந்தது உண்மை. ஆனாலும் அவருடைய சொல் அதற்கு வலுச் சேர்த்தது. ஒரு மக்களைக் காப்பாற்றப் புறப்பட்டவர், இன்னொரு மக்களின் தலையில் அந்தச் சுமையை ஏற்றிவிட்டார்.

பிற்காலத்தில், போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கர்களை எப்படிப் பிடித்தார்கள் என்பதை அறிந்தபோது அவர் நடுங்கினார். அவர்களை அடிமையாக்கியதும் அதே அளவு அநீதி என்று தம் வரலாற்று நூலில் எழுதினார். அறியாமையால் செய்தேன் என்பது இறைவனின் தீர்ப்பின்முன் தமக்குப் போதிய சாக்காகுமா என்று தமக்கே உறுதியில்லை என்றும் பதிவு செய்தார். நல்ல நோக்கம் மட்டும் போதாது என்ற பாடத்தை, பிறருக்குச் சொல்லுமுன் அவரே கற்க வேண்டியிருந்தது.

இன்னொரு தோல்வியும் நேர்ந்தது. இன்றைய வெனிசுவேலாவின் குமானா கடற்கரையில், படையின்றி உழவர்களையும் துறவியரையும் கொண்டு அமைதியான குடியேற்றம் ஒன்றை அவர் முயன்றார். அருகிலிருந்த முத்துக்குளிக்கும் தீவின் ஸ்பானியர்கள் அக்கரையில் ஆள்பிடித்து வந்தார்கள். அதனால் கொதித்தெழுந்த மக்கள் 1522-இல் அக்குடியேற்றத்தை அழித்தார்கள். உடைந்த உள்ளத்தோடு அவர் சாமிநாதர் சபையில் சேர்ந்தார். முன்பு தமக்குப் பாவமன்னிப்பை மறுத்த அதே சபை!

வாளின்றி நுழைந்த நாடு

துறவற இல்லத்தின் அமைதியில் அவர் ஆழ்ந்து கற்றார். நற்செய்தி அறிவிப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. அது அறிவை இணங்கவைத்து, மனத்தைக் கனிவோடு ஈர்ப்பது என்று ஒரு நூல் எழுதினார். 1537-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலும் பூர்வீகக் குடிமக்கள் பகுத்தறிவுள்ள மனிதர்களே என்றும், கிறிஸ்தவர்களாய் இல்லாவிட்டாலும் அவர்களின் விடுதலையையும் உடைமையையும் பறிக்கக் கூடாது என்றும் அறிக்கை வெளியிட்டார்.

குவாத்தமாலாவின் ஸ்பானியர்கள் லாஸ் காசாசைக் கேலி செய்தார்கள். உம் கொள்கையைத் துசுலுத்லானில் காட்டுமே என்றார்கள். ஸ்பானியப் படைகள் மீண்டும் மீண்டும் தோற்றுத் திரும்பிய மலைநாடு அது. போர்நாடு என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவர் சவாலை ஏற்றார். ஆனால் ஒரு நிபந்தனை: ஐந்தாண்டுகளுக்கு எந்த ஸ்பானியரும் அங்கே காலடி வைக்கக் கூடாது, அம்மக்களை எவரிடமும் அடிமைகளாக ஒப்படைக்கக் கூடாது. 1537 மே மாதம் ஆளுநர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். துறவியர் அப்பகுதி மொழியில் பாடல்கள் இயற்றி, ஊர் ஊராகச் செல்லும் பூர்வீக வணிகர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. பாட்டைக் கேட்ட தலைவர்கள் துறவியரை அழைத்தார்கள். அழைத்த பிறகே துறவியர் சென்றார்கள். போர்நாடு பின்னர் வெராபாஸ், அதாவது உண்மை அமைதி, என்று பெயர் பெற்றது. இன்றும் குவாத்தமாலாவில் அப்பெயர் வழங்குகிறது.

இந்த அமைதி என்றென்றும் நிலைத்தது என்று சொல்ல முடியாது. 1555-இல் அதன் எல்லைப்புறத்தில் ஒரு சாமிநாதர் சபைத் துறவி கொல்லப்பட்டார். அதற்குப் பின் படையும் சென்றது. லாஸ் காசாசின் தோழர் லூயிஸ் கான்செர் 1549-இல் ஆயுதமின்றிப் புளோரிடாக் கரையில் இறங்கி உயிரிழந்தார். வாளின்றிச் செல்வதற்கும் விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. படையெடுப்பில் உள்ளூர் மக்கள் உயிரைக் கொடுக்கிறார்கள். இங்கே செல்பவர் தம் உயிரையே கொடுக்கிறார்.

ஒப்புரவுத் தொட்டியில் நடந்த போராட்டம்

1542-இல் அவருடைய வாதங்களின் பலனாக அரசர் புதிய சட்டங்களை வெளியிட்டார். இனிப் பூர்வீகக் குடிகளை எக்காரணம் கொண்டும் அடிமையாக்கக் கூடாது. என்கொமியெந்தா வாரிசுகளுக்குச் செல்லாது என்று அவை கூறின. குடியேற்ற நாடுகள் கொதித்தன. பெருவில் சட்டத்தை நடைமுறைப்படுத்த முயன்ற அரசப் பிரதிநிதி 1546-இல் கொல்லப்பட்டார். வாரிசுரிமை பற்றிய விதியை அரசர் அதற்கு முன்பே திரும்பப் பெற்றுவிட்டார்.

1544-இல் லாஸ் காசாஸ் மெக்சிகோவின் தென்பகுதியிலுள்ள சியாப்பாவின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறைமாவட்டம் சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியங்களுள் ஒன்று, அடிமைகளை விடுவித்து, பறித்ததைத் திருப்பிக் கொடுக்காதவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கக் கூடாது என்று தம் குருக்களுக்குக் கட்டளையிட்டது. பாஸ்கா காலத்தில் ஊரே அவருக்கு எதிராகத் திரண்டது. ஆயுதம் தாங்கியவர்கள் ஆயர் இல்லத்துக்குள் நுழைந்தார்கள். அவர் அசையவில்லை. ஆயினும் அந்த மறைமாவட்டத்தில் அவரால் நீடிக்க முடியவில்லை. 1547-இல் ஸ்பெயினுக்குத் திரும்பினார்; 1550-இல் பொறுப்பைத் துறந்தார். அவரைத் துரத்திய அந்த நகரம் இன்று அவர் பெயரையே சுமக்கிறது: சான் கிறிஸ்தோபல் தே லாஸ் காசாஸ்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போர் அரசர்களின் காரியம், நமக்கென்ன என்று அந்த ஆயர் விட்டுவிடவில்லை. ஓர் அரசின் அநீதியால் பலனடையும் சாதாரண விசுவாசியின் மனச்சான்றையும் அவர் தட்டினார். அவருடைய சொந்த மாற்றம் ஒப்புரவு அருட்சாதனத்தில்தானே தொடங்கியது!

வல்லதோலித் விவாதம்

இனி நாம் தொடக்கத்தில் கண்ட 1550-ஆம் ஆண்டுக்கு வருவோம். அரசர் அழைத்த 14 அறிஞர்கள் வல்லதோலித் நகரில் சாமிநாதர் சபையாரின் புனித கிரகோரியார் கல்லூரியில் கூடினார்கள். ஒருபுறம் கின்னேஸ் தே செபுல்வேதா: பெரும் அறிஞர், அரிஸ்டாட்டிலை மொழிபெயர்த்தவர், கடல் கடந்து ஒருபோதும் சென்றிராதவர். மறுபுறம் 65 வயது லாஸ் காசாஸ்.

செபுல்வேதா மூன்று மணி நேரம் பேசி நான்கு காரணங்களை முன்வைத்தார். அம்மக்கள் அறிவில் தாழ்ந்தவர்கள்; ஆகவே உயர்ந்தவர்களுக்குக் கீழ்ப்பட வேண்டியவர்கள். அவர்கள் சிலைவழிபாடு முதலிய பாவங்களுக்காகத் தண்டிக்கப்பட வேண்டியவர்கள். அவர்கள் நரபலி கொடுக்கிறார்கள். அதற்குப் பலியாகும் அப்பாவிகளைக் காப்பது நம் கடமை. முதலில் அடக்கினால்தான் பிறகு நற்செய்தி அறிவிக்க வழி பிறக்கும்.

லாஸ் காசாஸ் ஐந்து நாள்கள் தம் பதிலை வாசித்தார். முதல் காரணத்துக்கு, அம்மக்களின் நகரங்களையும் சட்டங்களையும் கைவினைகளையும் எடுத்துக்காட்டினார். இரண்டாவதற்கு, கிறிஸ்துவை அறியாதவர்கள்மீது திருஅவைக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை என்றார். நான்காவதற்கு, வாள் முனையில் வரும் விசுவாசம் விசுவாசமே அல்ல என்றார். இவை அவருக்குக் கடினமாக இருக்கவில்லை. கடினமானது மூன்றாவது காரணமே. ஏனெனில் அதில் உண்மை இருந்தது. மெக்சிகோவில் நரபலி நடந்தது. கொல்லப்படும் அப்பாவியைக் காப்பது கிறிஸ்தவக் கடமை அல்லவா? 1539-இல் சாலமாங்கா பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய மற்றொரு சாமிநாதர் சபை அறிஞர் பிரான்சிஸ்கோ தே வித்தோரியாவும், படையெடுப்புக்கான போலிக் காரணங்கள் பலவற்றைத் தள்ளிவிட்டு, அப்பாவிகளைச் சாவிலிருந்து காப்பது மட்டும் ஒரு நியாயமான காரணமாக அமையக்கூடும் என்று ஏற்றிருந்தார்.

லாஸ் காசாஸ் அந்தக் கடமையை மறுக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டு, அதற்கு எல்லை வகுத்தார். சிலரைக் காப்பதற்காகப் போர் தொடுத்து, அதைவிடப் பல மடங்கு அப்பாவிகளைக் கொல்ல நேர்ந்தால், அது காப்பாற்றுதல் ஆகாது. இரண்டு தீமைகளில் சிறியதையே தேர்ந்துகொள்ள வேண்டும். முற்றுகையிட்ட நகரில் குற்றவாளி யார், குழந்தை யார் என்று பீரங்கி பார்ப்பதில்லை. மேலும், முன்னோர் வழிவந்த ஒரு பெரும் தவற்றை மக்கள் ஒரே நாளில் கைவிட மாட்டார்கள். பொறுமையான போதனையே அதை அகற்றும். வாளோ அவர்களை அந்தத் தவற்றிலேயே உறுதிப்படுத்தி, காப்பாற்ற வந்தவரின் கடவுளையும் வெறுக்கச் செய்யும். களைகளைப் பிடுங்கப் போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடாதீர்கள் என்று ஆண்டவர் கற்பித்த உவமையையும் அவர் நினைவூட்டினார்.

இந்த வாதத்தின் பின்னணியில் அவர் கண்ணால் கண்ட அனுபவம் இருந்தது. 1513 முதல் ஸ்பானியப் படைத் தலைவர்கள் கையில் ஓர் அறிக்கை இருந்தது. திருத்தந்தையையும் ஸ்பெயின் அரசரையும் ஏற்றுக்கொள்ளுங்கள், மறுத்தால் வரும் சாவுக்கு நீங்களே பொறுப்பு என்று அது சொன்னது. புரியாத மொழியில், சில வேளை ஆளில்லாத ஊரின் முன் அதை வாசித்துவிட்டு, சட்டப்படி நடந்துகொண்டோம் என்று தாக்கினார்கள். அதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என்று அவர் குறிப்பிட்டார்.

1551-இல் இரண்டாம் அமர்வும் நடந்தது. நடுவர்கள் தெளிவான தீர்ப்பு எதுவும் வழங்கவில்லை. படையெடுப்புகளும் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனாலும் செபுல்வேதாவின் நூலுக்கு ஸ்பெயினில் அச்சிட அனுமதி கிடைக்கவில்லை. 1573-இல் வெளிவந்த அரச விதிகள் படையெடுப்பு என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்றன. அமைதிப்படுத்தல் என்று சொல்ல வேண்டுமாம்! சொல் மாறிய அளவுக்குச் செயல் மாறவில்லை. அந்த வழக்கம் இன்றும் நமக்குப் புதிதல்லவே.

நூலுக்கு நேர்ந்த கதி

1552-இல் லாஸ் காசாஸ் செவிலில் ஒரு சிறு நூலை அச்சிட்டார். தம் நாட்டார் செய்த கொடுமைகளைத் தீவு தீவாக, நாடு நாடாக அதில் விவரித்திருந்தார். அதிலுள்ள சாவு எண்ணிக்கைகள் மிகையானவை என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. கொடுமைகள் நடந்தன என்பதை அவர்கள் மறுப்பதில்லை. தம் நாடு மனம் மாற வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் ஸ்பெயினின் பகைவர்கள் அந்நூலை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள்.

1655-இல் இங்கிலாந்தின் குரோம்வெல் ஆட்சி, ஸ்பெயினிடமிருந்து ஜமைக்கா தீவைக் கைப்பற்றியது. மறு ஆண்டே லாஸ் காசாசின் நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, குரோம்வெல்லுக்கே அர்ப்பணிக்கப்பட்டது. ஸ்பானியரின் கொடுமைக்குப் பழிவாங்குவது புனிதக் கடமை என்றார்கள். கைப்பற்றிய ஜமைக்காவிலோ ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. 1898-இல் அமெரிக்க ஐக்கிய நாடு கியூபாவின் விடுதலைக்காக என்று ஸ்பெயினோடு போரிட்டபோது, அந்நூல் நியூயார்க்கில் மீண்டும் அச்சேறியது. போரின் முடிவில் போர்ட்டோ ரிக்கோவும் பிலிப்பைன்சும் அமெரிக்காவின் கைக்கு வந்தன. விடுதலை எதிர்பார்த்த பிலிப்பைன்ஸ் மக்கள் அமெரிக்கப் படைகளோடு போரிட நேர்ந்தது.

ஆக, தலையீட்டைக் கண்டித்த நூலே தலையீட்டுக்குச் சாக்காயிற்று! அடுத்தவரின் குற்றத்தைச் சுட்டுவது எளிது. அக்குற்றம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது நமக்கு ஆட்சி உரிமையைத் தந்துவிடாது.

இறுதிவரை அவர் ஓயவில்லை. பெருவை அதன் இன்கா அரச மரபினருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும், மக்களின் விருப்பமின்றி அவர்கள்மீது ஆட்சி செலுத்த எவருக்கும் உரிமையில்லை என்று தம் 80-ஆம் வயதில் எழுதினார். 1566 ஜூலையில் மத்ரித் நகரின் அத்தோச்சா அன்னை துறவற இல்லத்தில் இறைவனடி சேர்ந்தார்.

இன்றைய நமக்கு

லாஸ் காசாசைப் படித்துவிட்டு, எந்த நாட்டிலும் எவரும் எப்போதும் தலையிடவே கூடாது என்று முடிவு செய்தால் அவரைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் ஆவோம். 1994-இல் ருவாண்டாவில் ஏறக்குறைய நூறு நாள்களில் பல இலட்சம் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டபோது, தடுக்கக் கூடிய நாடுகள் விலகி நின்றன. அந்த மௌனமும் பாவமே. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஒரு மக்களின் உயிரே ஆபத்தில் இருக்கும்போது மனிதநேயத் தலையீடு கடமையாகிறது என்று 1992-இல் உரோமையில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் கற்பித்தார். அதே திருத்தந்தைதான் 2003-இல் ஈராக் போரைத் தடுக்கத் தம் தூதர்களாகக் கர்தினால்களை வாஷிங்டனுக்கும் பாக்தாத்துக்கும் அனுப்பினார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. ஒரு கொடுங்கோலர் வீழ்ந்தார். அதன்பின் ஆண்டாண்டுகளாகச் சிந்திய குருதியில், பழம்பெரும் ஈராக்கியக் கிறிஸ்தவ சமூகமும் சிதறிப்போனது.

இரண்டும் முரண் அல்ல. லாஸ் காசாஸ் ஏற்றுக்கொண்ட கடமையும், அவர் வகுத்த எல்லையும்தான் இவை. நீக்க விரும்பும் தீமையைவிடப் பெரிய தீமையை ஆயுதம் விளைவிக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வியும் கற்பிக்கிறது. 2008-இல் ஐக்கிய நாடுகள் அவையில் பேசிய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், மக்களைப் பாதுகாக்கும் பொறுப்பைப் பற்றிச் சொல்லும்போது வித்தோரியாவின் பெயரை நினைவுகூர்ந்தார். 2015-இல் பொலிவியா நாட்டில் திருத்தந்தை பிரான்சிஸ், அமெரிக்கக் கண்டத்தின் பூர்வீக மக்களுக்கு எதிராகத் திருஅவை செய்த தவறுகளுக்காகத் தாழ்மையோடு மன்னிப்புக் கேட்டார். வாளின் நியாயத்தைச் சிலுவையின் வலிமையால் எதிர்த்த குருக்களையும் மறவாமல் குறிப்பிட்டார்.

வல்லரசுகளின் முடிவுகளை நாம் எடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு போருக்கும் கைதட்டல் தேவை. அதைக் கொடுப்பதா மறுப்பதா என்பது நம் கையில் இருக்கிறது. காப்பாற்றப் போகிறோம் என்று ஒரு நாடு புறப்படும்போது, லாஸ் காசாஸ் சொல்லித்தந்த கேள்விகளைக் கேட்போம். துன்பப்படுகிறவர்கள் அழைத்தார்களா? மற்ற வழிகளெல்லாம் முயன்று பார்க்கப்பட்டனவா? காப்பாற்றப்படுவோரைவிடச் சாவோர் அதிகமாவார்களா? முடிந்த பிறகு வந்தவர்கள் திரும்பிப் போவார்களா, அல்லது நிலமும் செல்வமும் அவர்களோடு போகுமா? அந்தப் போரால் எனக்கு ஏதேனும் இலாபம் உண்டா?

இந்தக் கேள்விகள் நாடுகளுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் குடும்பத்திலும் அன்பியத்திலும் பங்கிலும் வலியவர் எளியவரின் காரியத்தில் உதவி என்ற பெயரில் நுழையும் நேரங்கள் உண்டு. அங்கும் இவை பொருந்தும்.

நீதியின் ஆண்டவரே, துன்புறுவோரின் குரலைக் கேட்கும் செவியையும், அவர்களுக்கு உதவச் செல்லும்போது எங்கள் கைகளைச் சோதித்துப் பார்க்கும் நேர்மையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.